எனக்கு விற்காதீர்கள்

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கால் வீங்கிவிட்டது. குரொய்டனில் ஒரு கலியாணம். யாருடைய மகள் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் போகாவிட்டால் பேச்சு வரும். கூறைச்சேலை, தாலி, வாழையிலைச் சோறு எல்லாம் ஹோலுக்குள். ஆம்பிளைகளின் கலியாணம் வழமைபோலக் கார்ப் பார்க்கில் நடந்தது. காரின் டிக்கியைத் திறந்து வைத்து, பிளாஸ்ரிக் கப், சோடா, ஒரு பை மிக்ஸர். ஹோலுக்குள் ஒரு சொட்டும் போகாது. அந்த மட்டில் எங்கள் சைவத்துக்குக் குறைவில்லை.

இன்றைய டிக்கி எங்கள் அண்ணையுடையது. சால்வை எடுக்கப் போன இடத்தில் கண்டேன். போத்தல்கள் வந்திருந்த பெட்டியில் எங்கள் கம்பனியின் பச்சை நாடா. அண்ணை என்னைக் கண்டதும் கப்பை உயர்த்தினார். "இவதான் என்ர தங்கச்சி தாரகா. லண்டனிலை ஆகப் பெரிய சாராயக்கடையின்ர மூளை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொந்தக்காரருக்கு நான் சொல்லி வைத்திருப்பது "ஒன்லைனில் சாமான் விற்கிற கம்பனி" என்று. என்ன சாமான் என்று அவர்களும் கேட்பதில்லை. ஒயின், விஸ்கி, ஜின் எல்லாம் நாடு முழுக்க அடுத்த நாளே வாசலுக்கு அனுப்புகிற கடை. அதன் தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் என் தலையில். அதை உரத்துச் சொல்கிற ஒரே ஆள் அண்ணை. அதுவும் பெருமையாக.

புறப்படும் நேரம் மச்சாள், அண்ணையின் மனைவி ஜெயகௌரி, கைகழுவும் அறையில் என்னை மறித்துக்கொண்டார். தலை நிறைய மல்லிகை, கண்மை கலைந்திருந்தது.

"காலமை எழும்பினவுடனை துவங்குறார், தாரகா. நீர் அந்தக் கடைக்குப் பெரிய ஆள் தானே. அவருக்கு மட்டும் விக்காமல் விட உம்மாலை ஏலாதே?"

"பாக்கிறன் மச்சாள்."

பாக்கிறன். இந்த ஒரு சொல்லைக் கொடுத்து எத்தனை பேரிடம் தப்பியிருக்கிறேன்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

ஏலாது. விசாரித்துவிட்டேன். ஆள் தானே கேட்காமல் அவருடைய கணக்கை நான் மூடக்கூடாது. கூடப்பிறந்தவர் என்றாலும்.

செப்டெம்பர் 4, வியாழன்

அண்ணை எப்படி வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். குடும்பத்தாருக்கான தள்ளுபடியை அவருக்குக் கொடுத்ததே நான்தான். அதற்குமேல் "மறுபடி வாங்கு" என்ற பட்டன். ஒரு தட்டு, பழைய ஓடர் அப்படியே திரும்பவும் வரும். அது என்னுடைய யோசனை. அதற்காக ஒஃபிஸில் கேக் வெட்டினார்கள். "ஒருக்காத் தட்டினால் பெட்டி வாசலிலை, கெட்டிக்காரி" என்று அண்ணை அப்போது தொலைபேசி எடுத்துச் சொன்னார். நான் குளிர்ந்துபோனேன்.

அப்படியென்றால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பட்டன் இருக்கலாம் தானே? எனக்கு விற்காதீர்கள் என்று ஆள் தானே கேட்கிற பட்டன். தட்டினால் ஒரு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. பெயர், கார்ட், தொலைபேசி, வீட்டு முகவரி எல்லாம் பூட்டு. விளம்பரமும் போகாது. சூதாட்டக் கம்பனிகளில் இருக்கிறது. எங்களிடம் ஏன் இல்லை?

செப்டெம்பர் 10, புதன்

ஜைல்ஸிடம் சொன்னேன். கம்பனியைத் தொடங்கியவர், நல்ல மனிசன், ஒயினைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். "நாங்கள் விற்கிற ஆட்கள், தாரகா" என்றார். பின்நேரம் தானே வந்து, செய்வோம், பெயருக்கு நல்லது என்றார். காரணம் எதுவாக இருந்தால் எனக்கென்ன.

ரெயினில் என் ஸ்டேஷன் செவன் கிங்ஸ் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஒரு களைப்பும் தெரியவில்லை.

செப்டெம்பர் 20, சனி

மிச்சம் என்கிற ஊரில் இருக்கிற அண்ணை வீட்டுக்குப் போனேன். மச்சாள் கடைக்குப் போயிருந்தார். மகள் தர்மிகா ரியூஷனுக்கு. அண்ணை தனியே, குசினி மேசையில் ஒரு பழைய ஸ்விட்ச் போட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

எலெக்ரீசியன் என் அண்ணை. சுவிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவி, அங்கேயே தொழில் பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவர். என்னையும் ஊரில் இருந்து இங்கே அவர்தான் எடுப்பித்தார். பத்து வயது மூப்பு. அப்பா இல்லாத வீட்டில் எனக்குச் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கியதும் அவர்தான். முழங்காலில் நின்று, தன் பெரிய விரல்களால், ஒவ்வொரு நாளும் பொறுமையாக.

"காலமையிலை எதுக்கு அண்ணை?" என்று கேட்டேன்.

கையை நீட்டினார். விரல்கள் தம்பாட்டுக்கு ஆடின. "இந்தக் கையோடை மற்றவேன்ர வீட்டுக் கரண்டிலை கை வைக்க ஏலுமே? ஒண்டு போட்டால் நிக்கும். பார்."

போட்டார். கொஞ்சநேரத்தில் கை நின்றது. ஒரு சின்ன ஸ்குரூவை மேசையில் தலைகீழாக நிறுத்திக் காட்டினார். நான் கைதட்டிவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

பட்டனைப் பற்றிச் சொன்னேன். "எனக்காகவோ செய்யிறாய்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப செய். முடிய எனக்குச் சொல்லு" என்றார்.

போத்தலைத் திரும்ப அலமாரிக்குள் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 30, செவ்வாய்

பட்டன் வரும் பக்கத்தை இன்று பார்த்தோம். அதைச் செய்தவள் பிரீத்தா, மதுரைப் பெட்டை, என் டீமில் மிகவும் கவனமானவள். குடிநோயாளரைப் பராமரிக்கிற ஒரு தாதியைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். பக்கத்தின் முதல் வரியாக இப்படிப் போட்டிருந்தாள்: "நீங்கள் தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று நிறுத்த வேண்டாம். முதலில் வைத்தியரிடம் பேசுங்கள்."

ஜைல்ஸ் முகம் சுளித்தார். குடி விற்கிற கடை, குடியை விட வருகிறவனைப் பார்த்து நிறுத்தாதே என்று சொல்வதா? பத்திரிகைக்காரர் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள் என்ற மாதிரிச் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். எனக்கு அவரைவிடக் கூடுதலாக. அந்த வரியைப் படித்தபோது அண்ணையின் முகம்தான் வந்தது. ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும் அவருக்கு.

"அக்கா, அந்த நர்ஸ் ரொம்ப அழுத்திச் சொன்னாங்க, இதுதான் முக்கியம்னு" என்றாள் பிரீத்தா.

"ஒரு ஆள் பத்து வருசம் யோசிச்சுத்தான் அந்தப் பட்டனுக்கு வருவார். அந்த நேரத்திலை நாங்கள் அவரைக் குழப்பக் கூடாது."

"கீழயாவது போடட்டுமா?"

"வேண்டாம் பிரீத்தா."

"சரிக்கா. எடுத்துடுறேன்."

இப்போது வடிவான பக்கம். ஒரு கேள்வி, ஒரு பட்டன், நிறைய வெள்ளை.

அக்டோபர் 5, ஞாயிறு

பொய்லர் வேலை செய்யவில்லை. அண்ணைக்குப் போன் அடித்தேன். தொலைபேசியிலேயே எந்தச் சிவப்புக் குமிழை அமத்த வேண்டும் என்று சொல்லித் தந்தார். வந்துவிட்டது. அவருக்குத் தெரியாத வயர் இந்த நகரத்தில் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பட்டன் இன்று காலை வெளியே போனது. ஒரு பிழையும் இல்லை. பின்நேரத்துக்குள்ளேயே ஆட்கள் தட்டியிருக்கிறார்கள், நாங்கள் நினைத்ததைவிடப் பலர். டீமில் ஒருவரும் கைதட்டவில்லை, எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அண்ணைக்குச் சொன்னேன். "சஷ்டி வருகுது பிள்ளை. அதோடை செய்வம்" என்றார்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றைய நாளை நான் மறக்க மாட்டேன். நேற்றுத் தீபாவளிக்கும் அண்ணை வீட்டுக்கு நான் போகவில்லை, இன்றைக்கென்று லீவு எடுத்துப் போனேன்.

நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குகிறது. ஆறு நாள் விரதம். அண்ணை கோவிலில் காப்புக் கட்டப் போகிறார், முதல் தடவையாக. வலது மணிக்கட்டில் அந்த நூலைக் கட்டிவிட்டால் விரதம் முடியும்வரை விலக முடியாது. ஒரு நேரம் பாலும் பழமும். அதோடு குடியும் விட்டது என்று மச்சாளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆட்கள் டொக்டரிடம் சொல்ல வெட்கப்படுவதை முருகனிடம் சொல்லிவிடுவார்கள்.

சாப்பாடு முடிய என் லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்தேன். மச்சாள், தர்மிகா, நான், மூன்று பேரும் அவருக்குப் பின்னால். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் படித்தார்.

"இதிலை வேறை ஒண்டும் படிக்கத் தேவையில்லையோ?"

"இல்லை அண்ணை. தட்டினால் சரி."

தட்டினார். "உங்கள் விருப்பப்படியே" என்று திரையில் வந்தது. அதுவும் பிரீத்தா எழுதிய வசனம்தான். அண்ணை எழுந்து அலமாரியில் இருந்ததை எல்லாம் தொட்டிக்குள் ஊற்றினார். மணம் வீடு முழுக்க. மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தர்மிகா தகப்பனின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

ரெயினில் வரும்போது நினைத்தேன்: இத்தனை வருஷம் நான் எழுதிய கோட் எல்லாவற்றிலும் இந்த ஒன்றுதான் ஒரு மனிசனுக்கு உதவியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டேஷனில் இறங்கி வீடு மட்டும் சிரித்துக்கொண்டே நடந்தேன், விசரி மாதிரி.

அக்டோபர் 22, புதன்

காப்புக் கட்டியாயிற்று. தர்மிகா படம் அனுப்பினாள். நெற்றி நிறைய விபூதி. இளந்தாரி மாதிரி இருக்கிறார்.

அக்டோபர் 23, வியாழன்

மச்சாள் போன் அடித்தார். அண்ணை இரவு கண் மூடவில்லையாம். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம் கூடுதல், பாலும் வாய்க்குப் போகவில்லை. "விரதக் களை தான்" என்றார் மச்சாள். கோவிலில் மற்றப் பெண்களும் அப்படித்தான் சொன்னார்களாம்: முதல் விரதம் உடம்பை உலுப்பும், உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வரும்.

"கொஞ்சம் குளுக்கோஸ் குடுக்கலாமே?" என்றேன்.

"ஐயோ, விரதம் குழம்பிப் போகும். வேண்டாம்."

தொலைபேசியை அண்ணையிடம் கொடுக்கச் சொன்னேன். குரல் நடுங்கியது, ஆனால் சிரித்தார். "உன்ர பட்டன் வேலை செய்யுது, பிள்ளை. காலமை பழக்கத்திலை போய்த் தட்டிப் பாத்தன். தரமாட்டன் எண்டிட்டுது."

ஒஃபிஸில் கிறிஸ்மஸ் விற்பனைக்கான ஆயத்தம். பிரீத்தா அண்ணையைப் பற்றிக் கேட்டாள். "பிரமாதம்" என்று சொன்னேன்.

அக்டோபர் 25, சனி

அண்ணை வீட்டில் இருந்து இப்போதுதான் வந்தேன். மனம் நிறைந்திருக்கிறது. கொஞ்சம் பயமும். இரண்டையும் எழுதுகிறேன்.

அண்ணை முன்னறைக் கதிரையில், சால்வை போர்த்திக்கொண்டு. மெலிந்துவிட்டார். தாடி. கை மட்டுமல்ல, நாடியும் ஆடுகிறது. என்னைக் கண்டு ஒரு கணம் "அம்மா" என்றார், பிறகு "பிள்ளை" என்றார். தேத்தண்ணி நேரம், வெளியில் மழை. எல்லாரும் அவரைச் சுற்றி இருந்தோம். திடீரென்று யன்னல் பக்கம் பார்த்து, மெதுவாக, பயந்துவிடும் என்று நினைக்கிற மாதிரிச் சொன்னார்:

"தர்மி, அந்த லாம்பின்ர பிளக்கைக் கழட்டிவிடு. மயில் வயரைக் கொத்திப்போடும்."

"என்ன மயில், அப்பா?"

"உதிலை நிக்குதெல்லே. தோகை விரிக்கேல்லை. சும்மா நிக்குது."

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "முருகா. வந்திட்டியே அப்பு. இந்த வீட்டுக்கும் வந்திட்டியே." என் உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் கோவிலுக்கே ஒழுங்காகப் போகாதவள். நானும் கையைக் கூப்பினேன். அழுதேன். அண்ணை மட்டும் பிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், தர்மிகா அதைக் கழற்றும்வரை.

பிறகு வாசலில் தர்மிகா என் கையைப் பிடித்தாள். "மாமி, ஐ டோன்ற் லைக் திஸ். அப்பாவுக்கு நெத்தி கொதிக்குது. நூற்றிப் பதினொண்டுக்கு அடிக்கட்டுமா?" வைத்திய ஆலோசனை கேட்கிற நம்பர்.

"இன்னும் ரெண்டு நாள் தானே அம்மா. விரதம் முடியட்டும். இப்ப ஆஸ்பத்திரி எண்டால் அப்பாவின்ர மனம் உடைஞ்சிடும்."

கெட்டிக்காரப் பிள்ளை. தலையை ஆட்டினாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலமை பூசைக்கு எழும்பினவர் குளியலறை வாசலிலை விழுந்திட்டார். வலிப்பு. நிக்கேல்லை. அம்புலன்ஸ் வந்து, அதுக்குள்ளையே இன்னொருக்கா. நெஞ்சை அமத்தி அமத்தி —

அண்ணை எழும்புங்கோ. எழும்புங்கோ அண்ணை.

மெஷின்தான் மூச்சு விடுது. கையிலை காப்பு அப்பிடியே கிடக்கு. தாதி வெட்டப் போனவ, மச்சாள் கத்தின கத்திலை விட்டிட்டா.

இண்டைக்குக் குளிர்காலத்துக்காக நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாளாம். ஒரு மணித்தியாலம் காணாது. நேற்றுப் பின்நேரம் வேணும் எனக்கு. அந்த வாசல். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி.

அக்டோபர் 27, திங்கள்

இன்று சூரன்போர், விரதத்தின் கடைசி நாள்.

டொக்டர் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார், இளம் பெண். மச்சாளுக்கு அவ்வளவு ஆங்கிலம் போதாது, ஆகவே மொழிபெயர்க்க நான். தர்மிகா வெளியே இருந்தாள்.

ஒவ்வொரு நாளும் குடிப்பாரா என்று கேட்டார். காலையிலுமா. எப்போது நிறுத்தினார். யாராவது வைத்தியர் பார்த்துத்தான் நிறுத்தினாரா. பிறகு: இல்லாத ஒன்றைக் கண்ணால் கண்டாரா, மிருகமோ பூச்சியோ?

மயில், என்று சொன்னேன்.

எழுதிக்கொண்டார். அது வழமையான அறிகுறி என்றார். நெடுங்காலம் குடித்த உடம்பு, குடி இல்லாவிட்டால் மூளை தறிகெட்டு ஓடும். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தோற்றங்கள், வலிப்பு. சாப்பாடும் இல்லாததால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாக, மருந்தோடு நிறுத்தியிருந்தால் — அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. ஒருவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரி அல்ல, மிகவும் மெதுவாக.

ஒருத்தி எழுதி வைத்திருந்தாள். முதல் வரியில் எழுதி வைத்திருந்தாள். நான் தூக்கச் சொன்னேன்.

"என்னவாம்?" என்று மச்சாள் என் முழங்கையைப் பிடித்தார்.

வாய் தானாகத் திறந்தது. "உடம்பு தாங்கேல்லையாம் மச்சாள்."

அக்டோபர் 28, செவ்வாய்

அண்ணை போய்விட்டார்.

நவம்பர் 6, வியாழன்

தகனம் முடிந்தது. சுவிஸ் பேர்ணில் இருந்து வந்தவர்கள், அவர் வயர் இழுத்துக் கொடுத்த கடைக்காரர்கள், எல்லாரும். ஒவ்வொருவரும் மச்சாளின் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றுதான்: குடியை விட்டு, காப்போடு, சூரன்போரை ஒட்டிப் போன ஆள், புண்ணியவான். மச்சாள் மயிலைச் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

வெளியே கார்ப் பார்க்கில் அவருடைய கூட்டாளி யோகராஜா டிக்கியைத் திறந்து வைத்திருந்தார். "அவனுக்காக ஒண்டு, பிள்ளை, கோவிக்காதை" என்றார். கண் சிவந்து, கப்பைப் பிடிக்கத் தெரியாமல் அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணை வழமைபோல ஒரு கப் போட்டுக்கொண்டே வந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு நின்றிருப்பார். இப்படியும் நினைக்க வருகிறது. இதை யாரிடம் சொல்ல?

நவம்பர் 11, செவ்வாய்

ஒஃபிஸ். பிரீத்தா என் மேசைக்கு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மயில் வரைக்கும். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

"அந்த வரி உன்னட்டை இருக்கா?"

"ஆமாக்கா. அழிக்கல."

"மேலை போடு. முதல் வரியா."

ஜைல்ஸ் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் பக்கம் மாறிவிட்டது. மாற்றுவதற்கு ஒரு சில நிமிஷ வேலை. அவ்வளவு சின்ன வேலை.

நவம்பர் 15, சனி

கிறிஸ்மஸ் விளம்பரம் நேற்று இலட்சக்கணக்கானவர்களுக்குப் போனது. அண்ணையின் பெயருக்குப் போய்விடுமோ என்று பயந்து பார்த்தேன். போகவில்லை. அவர் கேட்டபடியே, ஒன்றும் போகவில்லை. எங்கள் சிஸ்டம் ஒரு பிழையும் விடவில்லை. அது அவரை முழுமையாக விட்டுவிட்டது.

இன்றைக்குக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டப் போய், கட்ட முடியாமல், படியிலேயே இருந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மச்சாளுக்குச் சொல்லத்தான் வேண்டும். நான் தூக்கின வரியை, நான் மொழிபெயர்க்காமல் விட்டதை, மயிலை. ஏசட்டும். வீட்டுக்கு வராதே என்று சொல்லட்டும். எனக்குச் சுமக்க ஏலவில்லை. வியாழன் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. எல்லாரும் போன பிறகு சொல்வேன்.

நவம்பர் 27, வியாழன்

ஐயர் போனதும் ஆட்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். தட்டு எடுக்க மாடிப்படியால் ஏறினேன். நடுப்படியில் தர்மிகா, வெள்ளைச் சுடிதாரோடு, தொலைபேசியும் கையுமாக. எனக்கு இடம் விடவில்லை. நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"மாமி, உங்கடை பேஜ் பாத்தனான். ஃபர்ஸ்ட் லைன் புதுசு."

"ஓம்."

"அப்பா படிக்கேக்கை அது இல்லை. நான் பின்னுக்கு நிண்டு பாத்தனான்."

"இல்லை, அம்மா. இருந்தது. நான்தான் எடுக்கச் சொன்னனான்."

அவள் அழவில்லை. அழுதிருக்கலாம். "ஏன்?" என்று கேட்டாள். சொன்னேன். அண்ணை அதைச் சாட்டாக எடுத்துவிடுவார் என்று பயந்தேன் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு வாசலிலை நான் கேட்டனான், அடிக்கட்டுமா எண்டு."

"ஓம்."

"நீங்கள் வேண்டாம் எண்டீங்கள்."

"ஓம், தர்மி."

கீழே தட்டுக்கள் உரசுகிற சத்தம். சாம்பாருக்கு யாரோ அகப்பை கேட்டார்கள்.

"இண்டைக்கு அம்மாவுக்குச் சொல்லப் போறன்" என்றேன்.

"வேண்டாம்." தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அம்மாட்ட இப்ப அந்த மயில் மட்டும்தான் இருக்கு, மாமி. ப்ளீஸ்."

"அப்ப நீ?"

"எனக்குத் தெரியும் தானே. நீங்களும் இருக்கிறீங்கள்." என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. எழும்பிப் போகும்போது என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

முன்னறைக்கு வந்தபோது மச்சாள், கனடாவில் இருந்து வந்திருந்த தன் சித்திக்கு அன்றைய பின்நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை, தேத்தண்ணி, யன்னல். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இந்த முப்பது நாளில் நான் காணாத மலர்ச்சி.

"தாரகாவும் இருந்தவ. தாரகா, நீர் சொல்லும். உமக்கு முன்னாலை தானே சொன்னவர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுவரோடு சாய்ந்து நின்று தர்மிகாவும் பார்த்தாள்.

"ஓம் மச்சாள்" என்றேன். "நான் இருந்தனான். உந்த யன்னலடியிலை தான். தோகை விரிக்கேல்லை, சும்மா நிக்குது எண்டவர்."

"வேறை என்ன சொன்னவர்? சொல்லும்."

"வயரைக் கொத்திப்போடும், பிளக்கைக் கழட்டச் சொன்னவர்."

"பாருங்கோ சித்தி, அந்த நேரத்திலும் மயிலுக்கு ஒண்டும் ஆகக் கூடாது எண்டு" என்று மச்சாள் சிரித்துக்கொண்டே அழுதார். சித்தி கையைக் கூப்பினார்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. லாம்பின் பிளக் அன்று கழற்றியபடியே கம்பளத்தில் கிடக்கிறது. யாரும் திரும்பப் போடவில்லை. தர்மிகா சுற்றிப்போய் மேல் லைற்றைப் போட்டுவிட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.